எல்லைக்கு வந்து விழும் எண்கள்: விலைவாசி முதல் கருத்துக்கணிப்பு வரை தவறான நம்பிக்கைகளைச் சரிபார்க்க ஒரு முழு வழிகாட்டி

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. இரண்டு அரசாங்கங்களின் கணக்கும் இரண்டு மொழிகளில் ஒரே போனில் வந்து சேரும். காலையில் மலையாளக் குழுவில் "கேரளம் கடனில் மூழ்கிவிட்டது" என்று ஒரு படம் வரும். மதியம் தமிழ்க் குழுவில் "தமிழ்நாட்டுக் கடன் ஒன்பது லட்சம் கோடி" என்று இன்னொன்று வரும். சாயங்காலம் டீக்கடையில் இரண்டையும் வைத்துச் சண்டை நடக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு எண்ணும் பெரும்பாலும் பொய்யாக இருக்காது. எண் சரியாகவே இருக்கும், அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பாக இருக்கும்.

அப்படி வரும் எண்களை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும். எல்லாப் படிகளும் எல்லா எண்ணுக்கும் பொருந்தாது. முதல் படி மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

படி 1: நான்கு கேள்வி

எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே இந்த நான்கையும் எழுதுங்கள்: யாருடைய எண்? எந்தக் காலத்துக்கு? எதில் இத்தனை? யார், எப்படி எண்ணினார்கள்?

மூன்றாவது கேள்விதான் உயிர். எதில் இத்தனை என்பதைச் சொல்லாமல் விட்டால் எந்த எண்ணையும் பயமுறுத்தவும் பெருமை பேசவும் ஒருசேரப் பயன்படுத்தலாம். பார்வேர்டு செய்பவர்கள் விட்டுவிடுவதும் பெரும்பாலும் அதைத்தான். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியின் வெவ்வேறு முகங்கள்.

படி 2: பணவீக்கம் குறைந்தால் விலை குறைந்ததாக அர்த்தமா?

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தால் வண்டி மெதுவாக ஏறுகிறது என்றுதான் பொருள், பின்னால் வருகிறது என்று பொருளில்லை.

2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம். 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடரில் அவ்வளவு குறைந்த எண் அதுவரை வந்ததில்லை. "விலைவாசியே இல்லை என்கிறார்கள், நம் கடை பில்லைப் பார்த்தால் அப்படியா இருக்கிறது?" என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு முந்தைய அக்டோபரில், அதாவது 2024-இல், பணவீக்கம் 6.21 சதவீதம். உணவுப் பொருள்களுக்கு மட்டும் 10.87 சதவீதம். இப்போது கணக்குப் போடுங்கள். 2023 அக்டோபரில் 100 ரூபாய் ஆன வீட்டுச் செலவுக் கூடை, 2024 அக்டோபரில் 106.21 ரூபாய். 2025 அக்டோபரில் அதன் மேல் 0.25 சதவீதம் சேர்த்தால் 106.48 ரூபாய். ஏறிய ஆறு ரூபாய் எங்கும் போகவில்லை, புதிதாக ஏறியது மட்டும் 27 காசு. ஒப்பிடும் பழைய மாதம் உயரத்தில் இருந்தால் புதிய மாதம் தாழ்வாகத் தெரியும். அடிப்படை விளைவு என்று பொருளாதாரக்காரர்கள் சொல்வது இதைத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. குறைந்ததும் அந்த எண்ணை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தது.

சரி, அதே மாதத்தில் எல்லையில் என்ன நடந்தது? கேரளத்தின் பணவீக்கம் 8.5 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பெரிய மாநிலங்களில் அதுதான் முதலிடம். தமிழ்நாட்டில் 1.3 சதவீத அளவில். வாளையாறு எல்லையைத் தாண்டினால் விலை ஏழு சதவீதம் மாறிவிடுமா? மாறாது. வேலந்தாவளத்தில் இந்தப் பக்கக் கடைக்கும் அந்தப் பக்கக் கடைக்கும் சரக்கு ஒரே மொத்த வியாபாரியிடமிருந்துகூட வரலாம்.

வித்தியாசம் கூடையில் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அந்த மாநில மக்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதை வைத்துத் தனி எடை கொடுக்கப்படுகிறது. கேரளக் கூடையில் தேங்காய் எண்ணெய்க்குக் கனம் அதிகம். 2025-இல் அது லிட்டர் 500 ரூபாயைத் தாண்டியது. கடலை எண்ணெயும் பாமாயிலும் ஊற்றிச் சமைக்கும் பொள்ளாச்சி வீட்டுக்கு அந்த அடி அவ்வளவாகப் படாது. தங்கமும் இந்தக் கணக்கில் வரும். அந்த ஆண்டு தங்கம் ஏறிய ஏற்றத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நம் எல்லை வீடுகளின் நிலைமை இரண்டுக்கும் நடுவில். கொழிஞ்சாம்பாறையில் ரேஷன் கார்டு கேரளத்துடையது, தாளிப்பு எண்ணெய் பல வீடுகளில் தமிழ்நாட்டு வழக்கப்படி. ஆகவே எந்த மாநில எண்ணும் நம் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. மாநிலச் சராசரி வேறு, நம் அடுப்படி வேறு.

உங்கள் வீட்டுப் பணவீக்கத்தை நீங்களே கணக்கிடலாம். போன வருடம் இதே மாத மளிகை பில்லை எடுங்கள். அதே பொருள், அதே அளவு, இன்றைய விலை. இரண்டு கூட்டுத்தொகையின் வித்தியாசத்தைப் பழைய தொகையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர்களால்தான் இது முடியும்.

இதே படியில் இன்னொரு சின்ன விஷயம்: சதவீதமும் புள்ளியும். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி 2025 தொடக்கத்தில் 6.50, டிசம்பரில் 5.25. குறைந்தது 1.25 புள்ளி. அதையே சதவீதமாகச் சொன்னால் 19 சதவீதக் குறைப்பு. இரண்டும் சரி. எதைத் தலைப்பில் போடுகிறார்கள் என்பதில்தான் உள்நோக்கம் இருக்கும். ரெப்போ குறைந்தால் எல்லாக் கடனும் குறையும் என்பதும் தப்பு. வங்கிகளில் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடன், அதுவும் 2019 அக்டோபருக்குப் பிறகு ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைத்து வாங்கியது, தானாகக் குறையும். நகைக் கடன் கம்பெனியில் வைத்த வளையலுக்கு அந்த விதி பொருந்தாது.

படி 3: வரி எந்தப் பக்கம் போகிறது

"கோயம்புத்தூரில் பொருள் வாங்கினால் வரி தமிழ்நாட்டுக்குப் போகிறது, கேரளத்துக்கு நஷ்டம்" என்று இந்தப் பக்கமும், "கேரளாக்காரர்கள் நம் ஊரில் வாங்கி நம் வருமானத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள்" என்று அந்தப் பக்கமும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது.

2017 ஜூலை 1 அன்று வந்த ஜி.எஸ்.டி., பொருள் நுகரப்படும் மாநிலத்துக்கு வரி சேரும்படி அமைந்தது. வாளையாறு வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் நின்ற காலம் அதோடு முடிந்தது. ஆன்லைனில் வாங்கிய மிக்சி பாலக்காடு மாவட்டச் சித்தூருக்கு டெலிவரி ஆனால் மாநிலப் பங்கு கேரளத்துக்கு. கோயம்புத்தூர் உக்கடத்துக் கடையில் நேரில் நின்று வாங்கினீர்கள், பில்லில் முகவரி இல்லை என்றால் தமிழ்நாட்டுக்கு. 2023 அக்டோபர் முதல், பில்லில் உங்கள் கேரள முகவரி எழுதப்பட்டிருந்தால் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனையாகக் கணக்காகி, மாநிலப் பங்கு கேரளத்துக்கு வரும். பில்லில் சி.ஜி.எஸ்.டி. (மத்தியப் பங்கு), எஸ்.ஜி.எஸ்.டி. (மாநிலப் பங்கு) என்று இரண்டு வரி போட்டிருந்தால் மாநிலப் பங்கு அங்கேயே நிற்கிறது. ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரி என்றால் எல்லை தாண்டுகிறது. டீக்கடைச் சண்டையைத் தீர்க்க பில்லின் அடிப்பகுதியைப் பார்த்தாலே போதும்.

பெட்ரோலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. டீசலும் மதுவும் அப்படியே. அதனால்தான் கோபாலபுரம் பங்க்கில் கேரளப் பதிவெண் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. அண்மைய ஆண்டுகளில் வித்தியாசம் லிட்டருக்கு நான்கைந்து ரூபாய். காரணத்தைப் பார்த்தால் சுவாரசியம். கேரளம் பெட்ரோலுக்கு 30.08 சதவீத விற்பனை வரி வாங்குகிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடுதல் வரி, ஒரு சதவீத செஸ் (தனி நோக்கத்துக்கான மேல்வரி), 2023 ஏப்ரல் முதல் சமூகப் பாதுகாப்புக்கென 2 ரூபாய். தமிழ்நாடு வாங்குவது 13 சதவீதமும் லிட்டருக்கு 11.52 ரூபாயும். 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்த பிறகு நிற்கும் கணக்கு இது. கேரளத்தில் பெரும்பகுதி சதவீதம், தமிழ்நாட்டில் பெரும்பகுதி நிலையான தொகை. வரிக்கு முந்தைய விலை 10 ரூபாய் ஏறினால் கேரள வரி 3 ரூபாய்க்குச் சற்று மேல் கூடும், தமிழ்நாட்டு வரி 1.30 ரூபாய்தான் கூடும். விலை ஏறும்போது எல்லை இடைவெளி விரியும், இறங்கும்போது சுருங்கும். "இன்று அந்தப் பக்கம் ரொம்ப சீப்" என்பதில் அரசாங்கத்தின் தாராளத்தை விட இந்தக் கணக்கு முறைக்குப் பங்கு அதிகம்.

விலைக்கு யார் காரணம், மத்திய அரசா மாநில அரசா? இரண்டும்தான். ஆனால் மத்திய வரியின் உள்ளே ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு 2025 ஏப்ரல் வரை பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி லிட்டருக்கு 19.90 ரூபாயாக இருந்தது. அதில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் அடிப்படை வரி வெறும் 1.40 ரூபாய். மீதியெல்லாம் செஸ், கூடுதல் தீர்வை என்ற பெயரில் மத்திய அரசிடமே தங்கும். "மத்திய அரசு வசூலிப்பதில் பாதி மாநிலத்துக்குத்தானே வருகிறது" என்று யாராவது சொன்னால் இந்த 1.40-ஐக் காட்டுங்கள்.

படி 4: "ஒரு ரூபாய் கொடுத்தால் இத்தனை பைசா திரும்புகிறது"

மத்திய அரசுக்கு மாநிலம் கொடுக்கும் வரியைப் பற்றி இரண்டு மாநிலத்திலும் ஓடும் எண் இது. ஆத்திரம் நியாயமானது, கணக்கு தளர்வானது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நியாயமான பகுதி: மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் 15-ஆவது நிதிக்குழு, பகிரக்கூடிய வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு என்று வைத்தது. அதில் 2021 முதல் 2026 வரை தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம், கேரளத்தின் பங்கு 1.925 சதவீதம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டு மக்களில் தமிழ்நாடு ஏறக்குறைய 6 சதவீதம், கேரளம் 2.8 சதவீதம். மக்கள்தொகைப் பங்கைவிடக் குறைவாக வந்தது என்பதில் சந்தேகமில்லை. அந்த நிதிக்குழுவின் பங்கீட்டுச் சூத்திரத்தில் 45 சதவீத எடை, வருமானத்தில் பின்தங்கிய மாநிலங்களுக்குச் சாதகமானது என்பது இதற்குப் பெரிய காரணம். மேலே சொன்ன செஸ் வகையறா "பகிரக்கூடிய வரி"க்குள்ளேயே வராது என்பதால், நடைமுறையில் மொத்த வசூலில் மாநிலங்கள் பெறுவது 41-ஐ விடக் குறைவு.

தளர்வான பகுதி: "நாம் கொடுத்த ஒரு ரூபாய்" என்ற எண். வருமான வரியும் கம்பெனி வரியும் எந்த மாநிலத்தில் பதிவாகி வசூலாகின்றனவோ அந்த மாநிலக் கணக்கில் தெரியும். மும்பையில் தலைமை அலுவலகம் வைத்த கம்பெனி, பாலக்காட்டில் சோப்பு விற்று எடுத்த லாபத்துக்கும் மகாராஷ்டிரத்தில்தான் வரி கட்டும். ஆக மாநிலம் "கொடுத்தது" எவ்வளவு என்பதை யாராலும் காசு சுத்தமாகச் சொல்ல முடியாது. பங்கு குறைவு என்பதை 4.079-ஐயும் 1.925-ஐயும் வைத்தே உறுதியாகப் பேசலாம். எதிராளி ஒரே கேள்வியில் உடைத்துவிடக்கூடிய பைசாக் கணக்கு எதற்கு?

படி 5: கடன்

மொத்தத் தொகையைப் பார்த்தால் தமிழ்நாட்டுக் கடன் பெரிது. 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டின்படி 2026 மார்ச் 31 அன்று நிலுவை ஏறக்குறைய 9.30 லட்சம் கோடி ரூபாய். கேரளத்தின் கடன் அதில் பாதியளவு. மாநில உற்பத்தியோடு ஒப்பிட்டால் கதை திரும்பும். தமிழ்நாட்டுக்கு 26 சதவீதம், கேரளத்துக்கு மூன்றில் ஒரு பங்கை ஒட்டி. காலையும் மதியமும் வந்த இரண்டு படங்களும் இப்படித்தான் ஒரே சமயத்தில் உண்மையாகின்றன.

"ஒவ்வொரு குடிமகன் தலையிலும் இவ்வளவு கடன்" என்ற வகைச் செய்தியை நான் பொருட்படுத்துவதில்லை. அந்தக் கடனை வசூலிக்க யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. அரசாங்கம் ஓய்வு பெறுவதும் கிடையாது. பழைய பத்திரம் முதிர்ந்தால் புதியது வெளியிட்டுத் திருப்பிக் கொடுக்கும். கேட்க வேண்டியவை இரண்டே. வருவாயில் எத்தனை பங்கு வட்டிக்கே போகிறது? கடன் வாங்கியது பாலம், பள்ளிக்கூடம் கட்டவா, சம்பளமும் ஓய்வூதியமும் கொடுக்கவா? இரண்டாவதற்கு விடை பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை என்ற வரியில் இருக்கும்.

எதைக் கடன் என்று எண்ணுவது என்பதே வழக்காகியிருக்கிறது. கேரளத்தின் கிஃப்பி (உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம்) வாங்கிய கடனை மாநிலக் கடன் வரம்புக்குள் மத்திய அரசு சேர்த்தது. மாநிலங்கள் கடன் வாங்குவது பற்றிய அரசியல் சட்டப் பிரிவு 293-ஐ வைத்துக் கேரளம் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரல் 1 அன்று அது அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. ஆகவே இரண்டு கட்டுரைகளில் கேரளக் கடன் இரண்டு விதமாக இருந்தால், ஒன்று பொய் என்று முடிவு கட்டாமல் கிஃப்பி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மின்வாரியக் கடனை வைத்து இதே கேள்வி.

கடனோடு வருமானத்தையும் சேர்த்துக் குழப்புவார்கள். கேரள பட்ஜெட்டில் லாட்டரி வருமானம் ஆயிரக்கணக்கான கோடியாகத் தெரியும். அது டிக்கெட் விற்ற மொத்தத் தொகை. பரிசும் ஏஜென்ட் கமிஷனும் போன பிறகு கஜானாவில் நிற்பது அதில் சிறு பகுதிதான். 2003-இல் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்த பிறகு எல்லைக் கடைகளில் டிக்கெட் வாங்கக் கூடும் கூட்டத்தைப் பார்த்து "கேரளாவே லாட்டரியில்தான் ஓடுகிறது" என்று சொல்பவர்கள் இந்த மொத்தத் தொகையைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

படி 6: வேலையின்மை

2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில் கேரளத்தில் 15 முதல் 29 வயதுக்காரர்களின் வேலையின்மை 29.9 சதவீதம். "நூறு இளைஞர்களில் முப்பது பேர் சும்மா இருக்கிறார்கள்" என்று உடனே எழுதிவிடுவார்கள். அந்தச் சதவீதம் எல்லா இளைஞர்களையும் வைத்து எடுத்ததில்லை. வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்த கூட்டத்தில் எடுத்தது. காலேஜில் படிப்பவர், வேலை தேடாமல் வீட்டில் இருப்பவர் இரண்டு பேரும் கணக்கிலேயே இல்லை. ஒரு கற்பனைக் கணக்கு: நூறு பேரில் நாற்பது பேர்தான் இந்தக் கூட்டத்தில் இருந்தால், 30 சதவீதம் என்பது பன்னிரண்டு பேர். இதனால் பிரச்சினை சின்னது என்று சொல்லவில்லை. அரசு வேலைக்கான பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வுக்கு வருடக்கணக்கில் காத்திருக்கும் பட்டதாரி எந்த வீதியில் இல்லை? அளவு எது என்பது மட்டும் சரியாக இருக்கட்டும்.

படி 7: பணக்கார மாநிலம் எது?

2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் கிராமப்புறத்தில் ஒருவருக்கு மாதச் செலவு கேரளத்தில் 5,924 ரூபாய், தமிழ்நாட்டில் 5,310. நகரத்தில் கேரளம் 7,078, தமிழ்நாடு 7,630. மாநில உற்பத்திக் கணக்கில் வளைகுடாப் பணம் சேராது, செலவில் தெரியும். கிராமம், நகரம் எதைக் காட்டுகிறார்கள், வருமானமா செலவா என்று கேட்டாலே பாதிச் சண்டை அடங்கும்.

படி 8: உங்கள் சொந்தப் பணம்

அரசாங்கக் கணக்கில் ஏமாறினால் வாக்குவாதத்தில் தோற்போம், அவ்வளவுதான். இங்கே ஏமாந்தால் கைக்காசு போகும். ஆகவே கொஞ்சம் நிதானமாக.

முதலில் வட்டி. "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் மாட்டுவது ப்ளாட் வட்டியில். ஒரு லட்சம் கடன், 12 சதவீதம் ப்ளாட், பன்னிரண்டு மாதத் தவணை என்றால், வட்டி 12,000 சேர்த்து மாதம் 9,333 ரூபாய். கேட்க 12 சதவீதம்தான். ஆனால் முதல் மாதமே அசலில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டீர்கள். பாதி வருடம் போனதும் உங்கள் கையில் இருப்பது ஐம்பதாயிரத்தை ஒட்டித்தான், வட்டியோ முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இதன் உண்மை வட்டி 21 சதவீதத்துக்கு மேல். டூ வீலர் கடன், வீட்டுச் சாமான் தவணை எதுவானாலும் "குறையும் அசலுக்கு எத்தனை சதவீதம்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து ஏலச்சீட்டு. இருபது பேர், மாதம் 5,000, இருபது மாதம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். நிறுவனக் கமிஷன் 5 சதவீதம். மாதம் சராசரியாக 700 ரூபாய் கழிவு கிடைத்தால் நீங்கள் கட்டுவது 4,300 வீதம் 86,000. கடைசியில் எடுத்தால் கைக்கு 95,000. லாபம் 9,000. "ரெண்டு வருஷத்துக்குப் பத்து சதவீதம்தானே, எஃப்.டி.யே மேல்" என்று சிலர் ஒதுக்குவார்கள். அது தப்பு. 86,000-ஐ முதல் நாளே போடவில்லை, மாதாமாதம் போட்டீர்கள். சராசரியாகப் பணம் பத்து மாதம்தான் உள்ளே இருந்தது. வருடக் கணக்கில் பார்த்தால் 12, 13 சதவீதம் வரும். மறுபக்கம், மூன்றாம் மாதமே 30,000 தள்ளி எடுத்தவருக்கு இதே சீட்டு கடுமையான வட்டிக் கடன். சீட்டு நல்லதா கெட்டதா என்பது நீங்கள் எத்தனையாவது ஆளாக எடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. அப்புறம், பதிவு செய்த சீட்டா என்பது. 1982 சட்டத்தின் கீழ் ஒவ்வொரு சீட்டும் தனியாகப் பதிவாக வேண்டும், கம்பெனி பதிவாகியிருந்தால் மட்டும் போதாது. எல்லைக்கு அந்தப் பக்கக் கம்பெனி இந்தப் பக்கம் ஆள் சேர்க்கும்போது, சீட்டு எந்த மாநிலப் பதிவாளரிடம் பதிவாகியிருக்கிறது என்று கேட்பது அவசியம். தகராறு வந்தால் மனு கொடுக்க வேண்டிய இடம் அதுதான்.

மூன்றாவது, டெபாசிட் காப்பீடு. வங்கி மூழ்கினாலும் 5 லட்சம் வரை கிடைக்கும் என்பது 2020 பிப்ரவரி முதல் உள்ள விதி. ஒருவருக்கு, ஒரு வங்கிக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம். ஒரே வங்கியின் மூன்று கிளையில் பிரித்துப் போட்டால் பதினைந்து லட்சம் ஆகாது. தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இந்த மத்தியக் காப்பீடு கிடையாது. பெயர்ப் பலகையில் வங்கி என்ற சொல் இருந்தாலும் கிடையாது. கேரளத்தில் கூட்டுறவுச் சங்க டெபாசிட்டுக்குத் தனி உத்தரவாத நிதி வாரியம் இருக்கிறது, அது வேறு ஏற்பாடு. 2021-இல் திருச்சூர் மாவட்டம் கருவண்ணூர் சேவைக் கூட்டுறவு வங்கியின் கடன் மோசடி விவகாரம் வெளிவந்தபோது, பணம் போட்ட பலர் தங்கள் சேமிப்பை எடுக்க முடியாமல் தவித்தார்கள். அரை சதவீதம் கூடுதல் வட்டிக்காக ஆயுள் சேமிப்பு முழுவதையும் ஒரே சங்கத்தில் போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

படி 9: கருத்துக்கணிப்பு

கேரளமும் தமிழ்நாடும் சட்டமன்றத் தேர்தலை ஒரே பருவத்தில் சந்திப்பவை. 2016-இலும் 2021-இலும் ஒரே நாளில் வாக்களித்தன. அந்த மாதங்களில் நம் போன் தாங்காது.

"இத்தனை கோடிப் பேரில் ஆயிரம் பேரைக் கேட்டால் என்ன தெரியும்?" என்பது முதல் தப்பு. சரியாகக் கலந்து எடுத்த ஆயிரம் பேரில் பிழை 3 சதவீதப் புள்ளி அளவுதான், அது கேரளமானாலும் முழு இந்தியாவானாலும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆள் வேண்டும். முக்கியம் எத்தனை பேர் என்பதைவிட எப்படிப் பொறுக்கினார்கள் என்பது. யூடியூப் சேனலில் ஒரு லட்சம் பேர் அழுத்திய ஓட்டு, அந்த சேனலைப் பார்ப்பவர்களின் மனநிலையை மட்டுமே சொல்லும்.

இரண்டாவது தப்பு இதன் மறுபக்கம்: 42-க்கு 40 என்று வந்தால் முன்னால் இருப்பவர் ஜெயித்துவிட்டார் என்று நினைப்பது. ஒவ்வொரு எண்ணுக்கும் 3 புள்ளிப் பிழை என்றால் இடைவெளிக்கான பிழை ஏறக்குறைய அதைப் போல இரு மடங்கு. 2 புள்ளி முன்னிலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

மூன்றாவது, தொகுதிக் கணிப்பு. கேரளத்தின் 140 தொகுதிக்கு 7,000 பேரைக் கேட்டால் தொகுதிக்கு 50 பேர். ஐம்பது பேரில் பிழை 14 புள்ளி. சித்தூரில் யார், நெம்மாறாவில் யார் என்று அதை வைத்துச் சொல்பவர் கணிக்கவில்லை, ஊகிக்கிறார். 2021-இல் பாலக்காடு தொகுதி முடிவானது 3,859 ஓட்டில். எந்தச் சர்வேயும் பிடிக்கக்கூடிய வித்தியாசமில்லை அது. நம் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. மலையாளத்தில் மட்டும் அச்சடித்த கேள்வித்தாளோடு எல்லை ஊர்களான எருத்தேம்பதிக்கோ வடகரைப்பதிக்கோ வருபவர், தமிழ் வீடுகளில் சுருக்கமாக முடித்துக்கொண்டு போய்விட வாய்ப்பிருக்கிறது.

நான்காவது, ஓட்டும் சீட்டும். 2021-இல் கேரளத்தில் இடது முன்னணிக்கு 45.4 சதவீதம், ஐக்கிய முன்னணிக்கு 39.5. இடங்களோ 99-க்கு 41. இடத்தை வைத்து "எழுபது சதவீத மக்கள் பக்கம்" என்று பேசினால் தப்பு. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. 44 சதவீத ஓட்டில் 39-க்கு 37 இடம் எடுத்தது. ஓட்டுச் சதவீதத்தை இடங்களாக மாற்றும் இடத்தில்தான் கணிப்புகள் அதிகம் சறுக்கும். 2024-இல் பல எக்சிட் போல்கள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன, வந்தது 293.

கேள்வியின் சொற்களையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023-இல் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, கேரளத்தின் நலவாழ்வு ஓய்வூதியம் இரண்டையும் "இலவசங்களைத் தொடர வேண்டுமா?" என்று கேட்டால் ஒரு பதில் வரும், "ஏழைப் பெண்களுக்கும் முதியோருக்கும் உதவி தொடர வேண்டுமா?" என்று கேட்டால் வேறு பதில் வரும். கேள்வியை அச்சிடாத சர்வேயை நம்ப வேண்டாம்.

மக்கள் கருத்தையும் பொருளாதாரக் கணக்கையும் போட்டுக் குழப்பவும் கூடாது. ரிசர்வ் வங்கி நகரக் குடும்பங்களிடம் விலைவாசி எவ்வளவு ஏறியதாக உணர்கிறீர்கள் என்று கேட்டு வெளியிடுகிறது. சென்னையும் திருவனந்தபுரமும் அந்தப் பட்டியலில் உண்டு. மக்கள் சொல்லும் எண் அரசுக் கணக்கைவிட வழக்கமாக அதிகமாகவே இருக்கும். 2025-இல் பல மடங்கு இருந்தது. மக்கள் பொய் சொல்லவில்லை. அடிக்கடி வாங்கும் பொருளின் விலை மனதில் நிற்கும், குறைந்த பொருள் மறந்துபோகும். அந்த எண் உணர்வை அளக்கிறது, கடை விலையை அளப்பது வேறு கணக்கு.

படி 10: எங்கே போய்ப் பார்ப்பது

பணவீக்கத்துக்கு மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் மாதாமாதம் 12-ஆம் தேதி வாக்கில் வெளியிடும் அறிக்கை, மாநில வாரிப் பட்டியல் அதன் பின்பக்கங்களில். மாநிலக் கடனுக்கு அந்தந்த பட்ஜெட்டோடு வரும் நடுத்தரக் கால நிதிக் கொள்கை அறிக்கை. இரண்டு மாநிலங்களை ஒப்பிட, ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் மாநில நிதி ஆய்வு, ஏனென்றால் அதில் எல்லா மாநிலத்துக்கும் ஒரே அளவுகோல். நடந்து முடிந்த செலவுக்குத் தணிக்கைத் துறைத் தலைவர் அறிக்கை. பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, இறுதிக் கணக்கு என்று ஒரே ஆண்டுக்கு மூன்று எண் வரும். தேர்தல் நேரத்தில் எந்தக் கட்சிக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொள்வார்கள். குழுவில் பதில் போடுவதற்கு முன் அது மூன்றில் எது என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.